தடம் இல்லாத நீர்யானை

ஆப்பிரிக்கான்னு ஒரு வார்த்தைதான் சொன்னேன். பாத்தியளா, எல்லாரும் எப்பிடி நெருங்கி உக்காந்துட்டிய! இவ்வளவு நேரமும் ரிப்பேராகி நின்ன பஸ்ஸ வஞ்சுக்கிட்டு இருந்த சனந்தான இது?

அடுத்து என்ன கேக்கப் போறியன்னும் எனக்குத் தெரியும் அண்ணாச்சி. சிங்கம் பாத்தேனான்னு. அதான? மதினி வாயத் தொறக்காமலே கேட்டுட்டாவ, கண்ணுலயே தெரியுது. இந்தத் தம்பி செல்போன எறக்கி வச்சுட்டுப் பாக்காம்ல, அவன் மனசுல அனகோண்டா ஓடுது. அது வேற கண்டம்டே. அந்தா ஒடமரத்துல சாஞ்சு நிக்காரு பாருங்க பெரியவரு, அவரு ஈட்டி, இலை தழை, டமடமன்னு மேளம்னு நெனைச்சுக்கிட்டு இருக்காரு. பெரியவரே, நான் இருந்த ஊர்ல ஞாயித்துக்கெழமை காலையில சட்டைக்கு இஸ்திரி போட்டு, முழுக்கை பட்டனையும் போட்டுக்கிட்டுக் கோயிலுக்குப் போவாங்க. உம்ம சட்டையக் கொஞ்சம் குனிஞ்சு பாரும்.

சிங்கம் பாக்கல. புலி அங்க கெடையாது. நான் பாத்தது ஒண்ணு, பாக்காதது ஒண்ணு. பாத்தத வச்சுப் பயப்பட்டா மனுசன். நான் பாக்காத ஒண்ண வச்சு அஞ்சாறு மாசமாப் பயந்துக்கிட்டு இருக்கேன். சிரிக்காதிய. இந்தக் கையப் பாருங்க, சொல்லும்போதே முடி நட்டுக்கிட்டு நிக்கி.

உவரி அந்தோணியாரு கோயிலுக்கு நீங்க நேர்ச்சை செலுத்தப் போவிய. நான் அதுக்குப் போகல. எங் கூட அங்கன இருந்து ஒண்ணு வந்துட்டு. அந்தோணியாருகிட்ட விட்டுட்டு வரணும். கட்டி இழுத்துட்டுப் போக முடியுமா, கண்ணுலதான் தெரியாதே. அதான் நான் போறேன், அது பின்னால வரும்.

டிரைவர் அண்ணாச்சி! ஆயிட்டா? சரி சரி, மெதுவாப் பாருங்க. உங்க காலு ரெண்டு மட்டுந்தான் எங்களுக்குத் தெரியுது, உயிரோட இருக்கியன்னு அப்பப்ப ஆட்டிக் காட்டுங்க.

என் பேரு இஞ்ஞாசி. தூத்துக்குடி. பலகுரல் இஞ்ஞாசின்னா கோயில் திருவிழாவுல கேட்டிருப்பிய. கேட்டதில்லையா? மதினி, உண்மையாவா? சரி விடுங்க. தொழில் உப்பளம். கங்காணி. குரல் எடுக்கது ஆசைக்கு. எவன் ரெண்டு வார்த்தை பேசினாலும் மூணாவது வார்த்தைய நான் அவன் குரல்ல சொல்லிருவேன். அதுல ஒரு தொந்தரவும் இருக்கு. பயந்துட்டேன்னு வைங்க, யாரப் பாத்துப் பயந்தேனோ அவங்க குரலே தானா வாயில வந்துரும். சின்னதுல பாவசங்கீர்த்தனத்துக்குப் போயி முழங்கால் போட்டேன். உள்ள சாமியாரு தொண்டையச் செருமினாரு. எனக்கு ஒதறல். "சொல்லு மகனே"ன்னு அவரு குரல்ல நான் கேட்டுட்டேன்! அவரு அந்தப் பக்கம் இருந்து எந்திரிச்சு வந்தாரு பாருங்க. பாவமன்னிப்பு அப்புறம், மொதல்ல காதுதான்.

சரி, ஆப்பிரிக்கா.

கென்யான்னு ஒரு தேசம். அதுல கெழக்குக் கரை. நம்ம கடல்தான் அண்ணாச்சி, இந்தா இந்தத் தேரி மணலுக்கு அங்குட்டு அடிக்கே, அதே கடலுக்கு மறுகரை. வாடைக்காத்து இங்கன அடிக்கிற மாசத்துலதான் அங்கனயும் அடிக்கும். மண்ணு கூட இந்தா இது மாதிரிச் செவப்பு. தென்னை, மா, முந்திரி எல்லாம் உண்டு. மொத நாள் எறங்கினதும், ஏதோ சுத்திச் சுத்தி மணப்பாட்டுலயே கொண்டு வந்து விட்டுட்டானோன்னு நெனைச்சேன். அப்புறம் பாத்தா அளத்துல பூநாரை நிக்கி. பத்து இருவது இல்ல. கடல்தண்ணி தேக்குற தெப்பம் முழுக்க ரோஸ் கலர். நம்ம ஊர்லயும் வரும், ஆனா இது கல்யாண மண்டபத்துல பந்திக்கு நிக்க மாதிரி நிக்கி.

அங்கன பெரிய ஆறு ஒண்ணு, தானான்னு பேரு. மலையில இருந்து செம்மண்ணக் கரைச்சுக்கிட்டு வந்து, கடல் பக்கத்துல நாலாப் பிரிஞ்சு, அலையாத்திக் காட்டுக்குள்ள பூந்து போவும். ஆத்துத் தண்ணி உப்புக்கு ஆகாதுன்னு அளம் தள்ளிக் கடல் ஓரத்துல இருந்துச்சு. குடிக்கத் தண்ணி வேணும்லா, அதனால நாங்க தங்குற கேம்பு மட்டும் ஆத்தங்கரையில. அக்கரையில ஒரு கிராமம். அளத்து வேலைக்கு வாற ஆளுக எல்லாம் அந்தக் கிராமம். பாலம் கெடையாது. ஒத்த மரத்தக் கொடைஞ்ச வள்ளம் ஒண்ணு, அத வலிக்கிற ஒரு மனுசன். கொமோரா.

கொமோரா எம் வயசு. ஒல்லியா, நெடுநெடுன்னு. பேசுனா மெதுவா, அடித்தொண்டையில, கூழு கொதிக்க மாதிரிப் பேசுவாரு. என்னைய 'ப்வானா ச்சும்வி'ம்பாரு. உப்பு ஐயான்னு அர்த்தம். குரல் எடுக்கவனுக்குப் பாஷை சீக்கிரம் ஒட்டிக்கிடும், நான் ஒரு மாசத்துல அவரு கூட வாயாட ஆரம்பிச்சுட்டேன். அவரு குரல்லயே அவருகிட்டப் பேசுவேன். மொத தடவ கேட்டுட்டு என்ன சொன்னாரு தெரியுமா? "ப்வானா ச்சும்வி, நீங்க எம் பொண்டாட்டிகிட்டப் போயி இந்தக் குரல்ல பேசிராதிய. வெறகு வெட்டச் சொல்லிருவா." அப்பிடி ஒரு மனுசன்.

இப்ப நீர்யானைக்கு வாறேன். கேட்டியளா, ஒரு சத்தம் 'உச்'சுன்னுச்சு. அந்தத் தம்பிதான். நீர்யானைன்னா குண்டா, சாதுவா, சின்னப் புள்ளைக பொம்மை மாதிரின்னு நெனைக்கான். எலே, அது வாயத் தொறந்தா இந்த பஸ் டயரு உள்ள போயிரும். படகக் கடிச்சா முறுக்கக் கடிச்ச மாதிரி. அங்கன சனம் முதலைக்குப் பயப்படுறத விட அதுக்குத்தான் பயப்படும்.

ஆனா பயந்துக்கிட்டே ஒரு ஏற்பாடு வச்சிருந்தாங்க பாருங்க. துறைக்குக் கொஞ்சம் மேல ஒரு மடு. அதுல ஒரு குடும்பம். பொட்டைகளும் குட்டிகளும், ஒரே ஒரு கடா. கடாவுக்கு 'சீஃப்'னு, அதாவது ஊர்த் தலைவருன்னு பேரு வச்சிருந்தாரு கொமோரா. ஏன்னு கேட்டேன். "கவருமெண்டு சீஃபு ஆபீசுல என்னைக்காவதுதான் இருப்பாரு. இவரு தெனமும் இருப்பாரு"ன்னாரு. வள்ளத்தத் தள்ளுறதுக்கு முன்னாடி துடுப்புக் கட்டையால வள்ளத்து விளிம்புல தட்டுவாரு. டொக் டொக் டொக். நிப்பாட்டிட்டு நிப்பாரு. மடுவுல காது ரெண்டு தெரியும், மூக்கு ரெண்டு தெரியும், புஸ்ஸுன்னு ஒரு மூச்சு. சீஃப் இங்க இருக்காருன்னு அர்த்தம். அப்புறந்தான் வள்ளம் போவும். நடு ஆத்துல ஒருத்தரும் பேசக் கூடாது. சின்னப் புள்ளை அழுதா தாயி வாயப் பொத்துவா. தட்டுற சத்தம் சீஃபுக்குத் தெரியும். மனுசன் போறான், நம்ம பொழைப்புக்கு வரலன்னு கெடக்கும். அது அப்பன் காலத்துல இருந்து நடக்க ஏற்பாடு. ஒரு ஆளுக்குக் கூட ஒண்ணும் ஆனது கெடையாதுன்னு கொமோரா சொல்லுவாரு.

நான் அங்க போன வருசந்தான் எல்லாம் கெட்டுப் போச்சு. என்ன நேரமோ.

கேம்புல சாயங்காலம் ஆனா ஒரு பொழுதுபோக்கும் கெடையாது. டிவி கெடையாது, சிக்னல் மரத்துல ஏறுனாத்தான். அப்ப நாந்தான் டிவி. வேல முடிஞ்சு வந்து, ஆத்தப் பாத்த வராந்தாவுல எல்லாரும் உக்காருவாங்க. மேனேஜரு மேத்தா, குஜராத்திக்காரரு, அவரு குரல்லயே ஆரம்பிப்பேன். "இக்னாஸ் பாய்! உப்புல மண்ணு! மண்ணுல உப்பு! நான் எத விக்கட்டும்?" அவரே வயித்தப் பிடிச்சுக்கிட்டுச் சிரிப்பாரு. லாரி ஏத்தத்துல தெணறுற சத்தம், மீன்கொத்தி, குரங்கு, எல்லாம். கடைசி ஐட்டம் நீர்யானை. அத எடுக்க எனக்கு எத்தன நாள் ஆச்சு தெரியுமா! கரையில உக்காந்து உக்காந்து கேட்டேன். வெறும் தொண்டையில வராது. தகர டிரம்மு ஒண்ணக் கெடத்தி, தலைய உள்ள விட்டு, வயித்துல இருந்து எடுக்கணும். மொதல்ல ஒரு நீள இழுப்பு. அப்புறம் சிரிக்க மாதிரி ஒடைச்சு ஒடைச்சு.

இங்க டிரம்மு இல்ல. கைய வச்சுச் செய்யுதேன். கேளுங்க.

ஹ்ஹீஈஈஈஈ… ஹொ! ஹொ! ஹொ! ஹொ!

டங்குனு என்ன சத்தம்? டிரைவர் அண்ணாச்சி! தலையில இடிச்சுட்டியளா? ஐயையோ. எருமை இல்ல, நாந்தான். நாந்தான் அண்ணாச்சி, இஞ்ஞாசி. நீங்க ஸ்பேனரத் திருப்புங்க.

பாத்தியளா, கையில செஞ்சதுக்கே இப்பிடி. டிரம்முல கேட்டா எப்பிடி இருக்கும்! தண்ணி மேல சத்தம் சும்மா வழுக்கிக்கிட்டுப் போவும். மேத்தா கை தட்டுவாரு. ஒரு நாள் என்ன நடந்துச்சு தெரியுமா, நான் முடிச்சதும் மடுவுல இருந்து சீஃபே பதிலுக்குக் கத்துச்சு! சத்தியமா. மேத்தா சொன்னாரு, "இக்னாஸ் பாய், ஒரிஜினலே கை தட்டுது." அந்த மாதிரிப் பாராட்டு எனக்கு வாழ்நாள்ல கெடைச்சதில்ல. அதுல இருந்து தெனமும் அந்த ஐட்டத்த ரெண்டு தடவ கேப்பாங்க.

அந்த வாரந்தான் கிராமத்துல பேச்சு கெளம்புச்சு.

கொமோரா வள்ளத்துல வந்து எறங்கினாரு. சிரிப்பு இல்ல. "ப்வானா ச்சும்வி, உங்க கரையில புதுக் கடா ஒண்ணு வந்திருக்கு. பாத்தியளா?" நான் பாக்கலன்னேன். உண்மையத்தான சொன்னேன்? "நாங்க அக்கரையில கேக்கோம். சாயங்காலம் ஆனா கத்துது. பெரிய கடா. இந்த ஆத்துக் குரல் இல்ல, வேத்துக் குரல்"னாரு. ரெண்டு பேருமாக் கரை பூராத் தேடுனோம். நீர்யானை வந்தா தடம் இருக்கும் அண்ணாச்சி, தாம்பாளம் சைசுக்கு. சாணிய வால வச்சுச் செடியெல்லாம் விசிறி அடிச்சிருக்கும். அங்கன ஒண்ணும் இல்ல. ஒரு புல்லு மடங்கல. கொமோரா அப்பிடியே குத்தவச்சு மண்ணப் பாத்துக்கிட்டு இருந்தாரு. "தொண்டை இருக்கு, காலு இல்ல"ன்னாரு.

நம்ம கேம்பு வாசல்ல, காலு இல்லாத ஒரு நீர்யானை! அன்னைக்குச் சாயங்காலம் எனக்குச் சோறு எறங்கல. பயத்த வெளிய காட்டக் கூடாதுல்லா. வராந்தாவுல எல்லாருக்கும் அந்தக் கதையவே சொன்னேன். கொமோரா குரல், கிராமத்துப் பொம்பளைக குரல், அந்தப் பேய்க் கடா எப்பிடிக் கத்தியிருக்கும்னு டிரம்முல ஒரு தரம். நடிக்கவனுக்கே நடுங்குச்சுன்னா பாத்துக்கிடுங்க.

மறுநாள் கொமோரா சொல்லுதாரு, "நேத்து மூணு மடங்கு கோவமாக் கத்துச்சு"ன்னு.

கேளுங்க மதினி, இதுக்கு மேலதான் பயம். சீஃபு மாறிட்டு. மடுவுல கெடந்தத விட்டுட்டு, எங்க கேம்புத் துறைக்கு நேரா வந்து கெடக்க ஆரம்பிச்சுட்டு. மேயப் போகல. ஒரு பக்கமாவே பாத்துக்கிட்டுக் கெடக்கும். எங்க வராந்தாவ. நான் டீ கிளாசோட வெளிய வந்தா காது ரெண்டும் விடைக்கும். கொமோரா டொக் டொக்னு தட்டுனா முன்னெல்லாம் மூச்சு விட்டுட்டுக் கெடக்கும்லா, இப்ப தட்டுன எடத்தப் பாத்து நேரா வருது. புள்ளைக பள்ளிக்கூடம் போகல. பொம்பளைக தண்ணி எடுக்கவே கூட்டமாப் போனாங்க. அளத்துக்குப் பாதிப் பேரு வரல. அந்த ஊர்ல பள்ளிவாசலும் உண்டு, சர்ச்சும் உண்டு. ரெண்டு பேரும் சேந்து வந்து கரையில நின்னு வேண்டுனாங்க. நானும் முழங்கால் போட்டு அழுதேன்.

"அதுக்கு நம்ம மேல கோவம் இல்ல. யாரையோ தேடுது. தூங்காமத் தேடுது"ம்பாரு கொமோரா.

நடுவுல எனக்கு மலேரியா. மலிண்டின்னு பக்கத்து டவுனு, அங்க ஆஸ்பத்திரியில போட்டுட்டாங்க. ரெண்டு வாரத்துக்கு மேல கெடந்தேன். திரும்பி வந்தா கொமோரா வள்ளத்துல பாட்டுப் பாடிக்கிட்டு வாறாரு! என்னன்னு கேட்டா, நான் போன அன்னைல இருந்து பேய்க் குரலே இல்லையாம். சீஃபு மடுவுக்குத் திரும்பிட்டாம். புள்ளைக பள்ளிக்கூடம் போவுதாம். சரி, போய்த் தொலைஞ்சுதுன்னு எனக்கும் சந்தோசம். நான் பொழைச்சு வந்ததக் கொண்டாடணும்னு மேத்தா கோழி அடிச்சாரு. சாயங்காலம் எல்லா ஐட்டமும் போட்டேன், ஒண்ணு விடாம.

மறுநாள் காலையில பாத்தா சீஃபு துறையில கெடக்கு. அக்கரையில பொம்பளைக அழுதாளுக. பேய் திரும்பி வந்துட்டாம்.

இப்ப சொல்லுங்க. நான் போனா அதுவும் போவுது. நான் வந்தா அதுவும் வருது. அண்ணாச்சி, படிச்ச மனுசரு நீங்க, யோசிச்சுப் பாருங்க. ஒரு சின்னப் புள்ளைக்குக் கூடப் புரியும். அது எனக்காக வந்த பேய்! மேத்தாகிட்டச் சொன்னேன். அவரு ஒரு மாதிரியாப் பாத்துட்டு, "இக்னாஸ் பாய், கொஞ்ச நாளைக்கு டிரம்மு வேண்டாமே"ன்னாரு. பயம் அவருக்கும் புடிச்சுட்டுன்னு நெனைச்சு நானும் விட்டுட்டேன். ஆனா அதுக்குள்ள ஆனது ஆயிட்டு. சீஃபு துறைய விட்டு நகரல.

ஊருக்கே போயிருவோம்னு முடிவு பண்ணுனேன். அக்கரையில போயித்தான் பஸ் ஏறணும். கொமோரா வேண்டாம்னாரு. நாலு நாள் பொறும்னாரு. நான் காலப் பிடிக்காத கொறை. "ப்வானா ச்சும்வி அழுதா ஆறு உப்பாயிரும்"னு சிரிச்சுட்டு, சரி வாருமுன்னாரு. நல்ல வெயிலு. பட்டப் பகலு. சீஃபு கண்ணுல படல. கொமோரா தட்டுனாரு. டொக் டொக் டொக். காத்திருந்தோம். காது இல்ல, மூக்கு இல்ல, மூச்சு இல்ல. மறுபடி தட்டுனாரு. மேல மடுவுல பொட்டைக மட்டும் தலையத் தூக்குச்சு. கடா வேற மடுவுக்குப் போயிருக்கும் போலன்னு வள்ளத்தத் தள்ளுனாரு.

நடு ஆத்துக்கு வந்துட்டோம். ஒரு சத்தம் இல்ல. துடுப்புல இருந்து தண்ணி சொட்டுறது மட்டுந்தான். நான் பெட்டியக் கட்டிப் புடிச்சுக்கிட்டு முன்னால உக்காந்திருக்கேன், கொமோரா பின்னால. அப்ப, எங்களுக்கும் அக்கரைக்கும் நடுவுல, தண்ணி ஒரு எடத்துல சும்மா உப்புச்சு. பானைக்குள்ள இருந்து யாரோ மூடியத் தள்ளுற மாதிரி. ரெண்டு கண்ணு. சீஃபு. எங்களப் பாத்துக்கிட்டு அசையாமக் கெடக்கு. கொமோரா துடுப்ப நிப்பாட்டிட்டாரு. வள்ளம் தானா ஓட்டத்துல கரைப் பக்கமா ஒதுங்குது. சத்தியமாச் சொல்லுதேன், அது எங்கள விட்டிருக்கும். காத மடக்குது, மூக்க மூடுது, உள்ள போகப் போவுது. பயத்துல நான் என்னைய மறந்துட்டேன். கண்ணு இருட்டுது.

அப்பத்தான் அந்தப் பேய் கத்துச்சு.

எங்கன தெரியுமா? கரையில இல்ல, தண்ணியில இல்ல. வள்ளத்துக்குள்ள! எங்க வள்ளத்துக்குள்ளயே அண்ணாச்சி! எங் காதுல, எங் கழுத்துக்குள்ள கத்துன மாதிரி, அவ்வளவு கிட்ட! நெஞ்செலும்பு அதிருது.

ஹ்ஹீஈஈஈ… ஹொ! ஹொ! ஹொ!

நான் திரும்பி கொமோராவப் பாக்கேன். அவரு என்னையப் பாக்காரு. அந்தப் பார்வைதான் எனக்கு இன்னைக்கு வரைக்கும் வெளங்கல. பயந்த பார்வை இல்ல. சீஃபப் பாக்கல, பேயத் தேடல, என் மூஞ்சியவே பாக்காரு. ஏதோ கணக்கு நேராகிட்ட மாதிரி. அப்புறம் துடுப்ப விட்டுட்டு, ஒத்த விரல எடுத்து ஒதட்டுல வச்சாரு. இப்பிடி. ஐயோ, அந்த நேரத்துலயும் எனக்குத் தைரியம் சொன்ன மனுசன் அண்ணாச்சி! 'பயப்படாத, பேய் போயிரும்'னு சின்னப் புள்ளைக்குச் சொல்லுவோம்லா, அந்த மாதிரி. அவரு விரலு நடுங்கல. எனக்குத்தான் அடங்கல. பேயும் அடங்கல. இன்னொரு தரம் கத்துச்சு.

சீஃபு வந்துட்டு.

வள்ளம் ரெண்டாப் போச்சு. கொமோரா என் சட்டைக் காலரப் புடிச்சு ஒரு வீசு வீசுனாரு. அலையாத்தி வேர்ல போயி விழுந்தேன். வேரக் கட்டிப் புடிச்சுக்கிட்டுத் திரும்பிப் பாத்தேன். பாத்திருக்கக் கூடாது.

அவரு பொண்டாட்டி கரையில நின்னா. அவ கத்துன சத்தம்… அது ஒண்ண மட்டும் நான் எடுக்க மாட்டேன். எங்கயும் எடுத்ததில்ல.

இருங்க, தண்ணி குடிச்சுக்கிடுதேன்.

ஊருக்கு வந்தேன். விட்டுட்டுன்னு நெனைச்சேன். ஒரு நாள் மத்தியானம் கண்ணசந்துட்டேன். எம் பொண்டாட்டி பெலவீனா அடுப்ப விட்டுட்டு அலறிக்கிட்டுத் தெருவுல ஓடுதா. என்னன்னா, வீட்டுக்குள்ள நீர்யானை கத்துச்சாம்! அவ ஆப்பிரிக்காவப் பாத்தவளா? அந்தச் சத்தத்தக் கேட்டவளா? அவ காதுலயும் விழுந்திருக்குன்னா இது என் மனப்பிராந்தி இல்லல்லா? இப்ப நான் தூங்குனா அவ அம்மா வீட்டுக்குப் போயிருதா. நானும் தூங்கப் பயந்து பயந்து, மூஞ்சியப் பாருங்க, பாதியா ஆயிட்டேன். போன வாரம் மேத்தா போன் போட்டாரு. சீஃபு மடுவோட கெடக்காம். கொமோரா தம்பி வள்ளம் வலிக்கானாம். நீரு போனதுல இருந்து அந்தக் குரல் ஒரு நாள் கூடக் கேக்கலன்னாரு. எப்பிடிக் கேக்கும்? அதுதான் எங் கூட வந்துட்டே!

எனக்கு வேற ஒண்ணும் வேண்டாம் அண்ணாச்சி. ஒரு நாள் நிம்மதியாத் தூங்கணும். கொமோரா ஆத்துமாவுக்குப் பூசை வைக்கணும். அந்த மனுசனக் கொன்ன பேய அந்தோணியாரு சங்கிலி போட்டுக் கட்டணும். கட்டிருவாருல்லா? என்ன எல்லாரும் தரையவே பாக்கிய? மதினி, நீங்களாவது சொல்லுங்க. தம்பி? ஏன்டே மூஞ்சிய அங்குட்டுத் திருப்புத?

ஆங், டிரைவர் அண்ணாச்சி வெளிய வந்துட்டாரு. என்ன அண்ணாச்சி, வண்டி ஆயிட்டா? நெத்தியில மையி, தொடைங்க. என்ன அப்பிடிப் பாக்கிய? உங்களுக்குத் தெரிஞ்ச பூசாரி யாரும் இருக்காவளா?

"வண்டி ஆயிட்டு. ஏறுங்க எல்லாரும். வே, பேயும் இல்ல, பூசாரியும் இல்ல. அந்த மனுசன் உம்ம வாயத்தான் மூடச் சொல்லியிருக்காரு."